பழைய காருக்கு வாலண்டரி டிடக்டபிள் போடலாமா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2013 மாடல் வேகன்ஆர், 998 சிசி. டிசம்பர் முதல் வாரத்தில் இன்சூரன்ஸ் முடிகிறது. ஐடிவி (வண்டிக்குக் கம்பெனி வைக்கும் இன்றைய மதிப்பு) 1,20,000 ரூபாய் வருகிறது, என்சிபி (கிளெய்ம் போடாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி) 50 சதவீதம் இருக்கிறது. லண்டனில் வேலை பார்க்கும் அக்கா வீட்டுக்காரர், "எக்ஸஸ் தொகையைக் கூட்டிப் போடு, பிரீமியம் பாதியாகும்" என்று சொல்லியிருக்கிறார். எக்ஸஸ் என்பது டிடக்டபிளுக்கு அங்குள்ள பெயர். ஏஜென்டும் 5,000 அல்லது 15,000 வாலண்டரி டிடக்டபிள் போடலாம் என்கிறார். எதைப் போடுவது, இல்லை பழைய வண்டிதானே என்று வெறும் தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு) மட்டும் எடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

என் பதில்: வாலண்டரி டிடக்டபிள் வேண்டாம். நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து வரும் புல் இன்சூரன்ஸை இந்த ஆண்டும் விடாதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு குமரி மாவட்டத்தில் இன்னும் பல பேர் இருப்பார்கள்.

முதலில் டிடக்டபிள் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் வண்டிக்கு நாம் கிளெய்ம் போடும்போது, கம்பெனி கொடுக்கும் தொகையில் நம் பங்காகக் கழித்துக்கொள்வதுதான் அது. அதில் ஒரு பகுதி கட்டாயம்: 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். இதை யாரும் தவிர்க்க முடியாது. வாலண்டரி என்பது அதற்கு மேல் நாமாக ஏற்றுக்கொள்வது. நீங்கள் 5,000 போட்டால், ஒவ்வொரு கிளெய்மிலும் 6,000 கழியும். 5,000 மட்டும்தான் கழியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

இந்தப் பிடித்தம் நம் வண்டியின் சேதத்துக்கு மட்டும்தான். நம் கார் மோதி பைக்காரருக்கு அடிபட்டாலோ, ஒருவரின் மதில் இடிந்தாலோ, அது தேர்ட் பார்ட்டி பகுதியில் வரும். அங்கே டிடக்டபிள் என்ற பேச்சே இல்லை. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

இனி லண்டன் அத்தான் சொன்னது. அவர் சொன்னதில் தப்பில்லை, அங்கே பிரீமியம் மொத்தமாக ஒரே தொகையாக வருவதால், எக்ஸஸ் கூடினால் அந்த மொத்தத் தொகையே இறங்க வாய்ப்பு உண்டு. இங்கே அப்படி இல்லை. நம் பிரீமியத்தில் இரண்டு பகுதி. தேர்ட் பார்ட்டி பகுதியை ஒன்றிய அரசே நிர்ணயிக்கிறது: 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000 முதல் 1500 வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். டிடக்டபிள் 15,000 போட்டாலும் இதில் ஒரு பைசா குறையாது. மற்றது ஓன் டேமேஜ் பகுதி, அதாவது நம் வண்டியின் சேதத்துக்கானது. தள்ளுபடி இதில் மட்டும்தான். வண்டி பழையதாக ஆக ஐடிவி இறங்குகிறது, ஐடிவி இறங்க இறங்க ஓன் டேமேஜும் இறங்குகிறது. ஆகவே விலை குறைந்த காரில் தள்ளுபடிக்குப் பிடிமானமே இல்லாமல் போகிறது.

எண்ணில் பார்ப்போம். பழைய டாரிஃப் (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக முன்பு இருந்த விலை அட்டவணை) கணக்கில், பெருநகரங்களைத் தவிர்த்த ஊர்களில், 10 வயது தாண்டிய 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஓன் டேமேஜ் விகிதம் ஐடிவியில் 3.267 சதவீதம். 1,20,000க்கு அது 3,920 ரூபாய். 2007இல் இந்த விலைக் கட்டுப்பாடு போனபிறகு கம்பெனிகள் தங்கள் இஷ்டப்படி தள்ளுபடி கொடுக்கின்றன. கணக்குக்காகப் பாதி என்று வைத்துக்கொள்வோம்: 1,960. அதிலும் உங்கள் 50 சதவீத என்சிபி போனால் மிச்சம் 980 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,156. ஆக உங்கள் ஓன் டேமேஜ் செலவே ஆண்டுக்கு அவ்வளவுதான். தேர்ட் பார்ட்டி ஜிஎஸ்டியோடு 2,471.

டாரிஃபில் வாலண்டரிக்கு இருந்த தள்ளுபடிப் படிகள் இவை: 2,500 ரூபாய்க்கு 20 சதவீதம், 5,000க்கு 25, 7,500க்கு 30, 15,000க்கு 35 சதவீதம். அதிலும் உச்சவரம்பு உண்டு, முறையே 750, 1,500, 2,000, 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. உங்கள் வண்டியில் அந்த வரம்பைத் தொடவே போவதில்லை. 5,000 போட்டால் 1,960இல் 25 சதவீதம், அதாவது 490 குறையும். அதற்கு மேல் என்சிபி பாதியாகக் குறைப்பதால் உங்கள் கையில் தங்குவது 245. ஜிஎஸ்டி சேர்த்து 289 ரூபாய். 15,000 போட்டாலும் மிஞ்சுவது 405 ரூபாய்தான். மொத்த பிரீமியம் 3,627இல் இருந்து 3,338க்கோ 3,222க்கோ இறங்கும். பாதியாவது எங்கே, பத்தில் ஒரு பங்குதான் இறங்குகிறது.

5,000ஐ 289ஆல் வகுத்துப் பாருங்கள். பதினேழு ஆண்டுக்கு மேல் ஒரு கிளெய்ம்கூட இல்லாமல் ஓட்டினால்தான் அந்த 5,000 மிச்சமாகும். 15,000க்கு முப்பத்தேழு ஆண்டு. உங்கள் வண்டி 15 ஆண்டில் ஆர்.சி. புதுப்பிக்கப் போக வேண்டிய வண்டி. எனக்குத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் இதுதான்: வாலண்டரி தொகையைப் பிரீமியத்தில் மிஞ்சும் தொகையால் வகுத்தால் நாலைந்து ஆண்டுக்குள் வந்தால் யோசிக்கலாம், அதற்கு மேல் வந்தால் வேண்டாம். புதிய, விலை கூடிய காருக்கு சில கம்பெனிகளின் கொட்டேஷனில் அது நாலைந்தாக வரும். பழைய சின்னக் காருக்கு வருவது அரிது.

இனி விபத்து நேரத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள். மார்த்தாண்டம் மேம்பாலம் இறங்கும் இடத்தில் முன்னால் போன வண்டி சட்டென்று நின்று, உங்கள் கார் முட்டிவிட்டது என்று வையுங்கள். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்: பம்பர் 3,000, பானெட் 6,000, முன் கண்ணாடி 5,000, பெயிண்டிங் 8,000, டிங்கரிங் கூலி 4,000. மொத்தம் 26,000. கம்பெனி இதை அப்படியே கொடுக்காது. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 50 சதவீதத் தேய்மானம் கழிப்பார்கள். உலோகப் பாகத்துக்கு வயதைப் பொறுத்துக் கழிவு, 10 வயது தாண்டினால் அதுவும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்டிங்கில் நாலில் ஒரு பங்கை மெட்டீரியலாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலி முழுதாகக் கிடைக்கும். ஆக பம்பருக்கு 1,500, பானெட்டுக்கு 3,000, கண்ணாடிக்கு 5,000, பெயிண்டிங்குக்கு 7,000, கூலி 4,000. மொத்தம் 20,500. அதில் கட்டாயப் பிடித்தம் 1,000 போக 19,500 வரும்.

5,000 வாலண்டரி போட்டிருந்தால் 14,500. 15,000 போட்டிருந்தால் 4,500 ரூபாய். 26,000 பில்லுக்கு 4,500! ஆண்டுக்கு 405 ரூபாய் மிச்சப்படுத்தியதற்கு இது. விபத்து நடக்கும்போது வண்டிச் செலவு மட்டும் தனியாக வராது, ஆஸ்பத்திரிச் செலவும் வேலைக்குப் போகாத நாட்களும் சேர்ந்தே வரும். வீட்டில் இருக்கும் ஒரே வண்டி அதுவானால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். டீசல் செலவு, பள்ளிக் கட்டணம் என்று மாதாமாதம் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பங்கள்தான் இந்த வலையில் அதிகம் விழுகின்றன என்பதுதான் எனக்கு வருத்தம்.

"சின்ன கிளெய்ம் நான் போடப்போவதே இல்லையே, அப்புறம் 2,500 போட்டால் என்ன நஷ்டம்?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. இதற்கு என்சிபியைப் பார்க்க வேண்டும். ஒரு கிளெய்ம் போட்டால் 50 சதவீதம் பூஜ்யமாகிறது. பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொடுகிறது. அந்த ஆண்டுகளில் நீங்கள் இழப்பது முறையே 50, 30, 25, 15, 5 சதவீதம். கூட்டினால் 125. உங்கள் 1,960 அடிப்படையில் 2,450, ஜிஎஸ்டியோடு சுமார் 2,900 ரூபாய். கட்டாயப் பிடித்தம் 1,000ஐயும் சேர்த்தால், தேய்மானம் கழித்த தொகை 4,000க்குக் கீழே இருந்தால் கிளெய்ம் போடுவதே நஷ்டம். அதாவது உங்களுக்கு ஏற்கனவே 4,000 ரூபாய்க்கு ஒரு மறைமுக டிடக்டபிள் இருக்கிறது. சரி, அதனால் 2,500 வாலண்டரி போட்டால் பாதிப்பில்லை என்று ஆகுமா? ஆகாது. வாலண்டரி சின்ன கிளெய்மோடு நிற்பதில்லை. 20,000 கிளெய்மிலும் கழியும், வண்டி திருடுபோனாலும் கழியும், டோட்டல் லாஸ் (சரிசெய்து பயனில்லாத அளவு சேதம்) ஆனாலும் கழியும். சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போடாமல் இருப்பது உங்கள் முடிவு, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பாலிசியில் எழுதிய வாலண்டரியை விபத்துக்குப் பிறகு மாற்ற முடியாது.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஒன்று: தென்னை மரத்தடியில் நிறுத்திய கார் மேல் தேங்காய் விழுவது. கருங்கல், குளச்சல், திங்கள்நகர் பக்கம் வீட்டு முற்றமே தென்னைக்கு நடுவில்தான் இருக்கும். முன் கண்ணாடி உடைந்து 5,000 செலவு என்றால், கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லாததால் 4,000 கையில் வரும். என்சிபி நஷ்டம் 2,900 போனால் மிஞ்சுவது 1,100. அதற்காக சர்வேயர், போட்டோ, ஒர்க்‌ஷாப் என்று அலைவதா என்பது உங்கள் விருப்பம். நான் போடமாட்டேன். 5,000 வாலண்டரி இருந்தால் கையில் வருவது பூஜ்யம், அந்தத் தேர்வே உங்களுக்கு இல்லாமல் போகும்.

என்சிபி பற்றி இன்னொன்று. அது வண்டியோடு போவதில்லை, சொந்தக்காரரோடு போகிறது. இரண்டு வருடத்தில் இந்த வேகன்ஆரை விற்றுப் புது வண்டி எடுக்கும் எண்ணம் இருந்தால், விற்கும்போது கம்பெனியிடம் என்சிபி சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டு வரை செல்லும். புதுக் காரின் ஓன் டேமேஜ் 14,000 என்றால் உங்கள் 50 சதவீதம் அங்கே 7,000 ரூபாய். பழைய வண்டியின் பம்பருக்காக அதைத் தொலைத்துவிடாதீர்கள். வண்டியை வாங்குபவருக்கு என்சிபி போகாது என்பதால், அவரிடம் அதைக் காட்டி விலை கூட்டிக் கேட்கவும் முடியாது.

டிடக்டபிள் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியை ஐடிவிக்குக் கொடுங்கள். வண்டிக்கு ஐந்து வயது வரை ஐடிவிக்கு அட்டவணை உண்டு, அதன்பிறகு கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்வதுதான். இங்கேதான் ஆள் ஏமாறுவது. பிரீமியம் குறைவாகத் தெரியட்டும் என்று ஐடிவியை 80,000க்கு இறக்கிவிடுவார்கள். மேலே போட்ட அதே கணக்கில், 80,000க்கும் 1,20,000க்கும் இடையே பிரீமிய வித்தியாசம் ஜிஎஸ்டியோடு 386 ரூபாய். அந்த 386க்கு 40,000 ரூபாய் கூடுதல் பாதுகாப்பு. இதையும் 289 ரூபாய்க்கு 5,000 ரூபாய்ப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாலிசி விதிப்படி கணக்கிட்ட ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ் என்று வைத்துவிடுவார்கள். 80,000 ஐடிவியில் அது 60,000. 1,20,000இல் 90,000. 65,000 ரூபாய் வேலை உள்ள விபத்தில், முதல் வகையில் வண்டியே போய்விடும், இரண்டாம் வகையில் சரிசெய்து ஓட்டலாம். ஐடிவி தொகைக்கு இதே நிலையில் இன்னொரு வேகன்ஆர் கிடைக்குமா என்று நாகர்கோவிலில் பழைய கார் விற்பவர்களிடம் ஒருமுறை விசாரியுங்கள். கிடைக்காது என்றால் ஐடிவியைக் கூட்டச் சொல்லுங்கள். கம்பெனி ஒரு எல்லை வரை ஒத்துக்கொள்ளும்.

இதே வகையில் இன்னொரு பொய்ச் சிக்கனம் உண்டு. தேர்ட் பார்ட்டியில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கான 7,50,000 ரூபாய் வரம்பை 6,000க்குக் குறைத்துக்கொண்டால் 100 ரூபாய் கழிவு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடாதீர்கள். இன்றைக்கு ஒரு நல்ல காரின் ஹெட்லைட் ஒன்றுக்கே 6,000 போதாது.

வெறும் தேர்ட் பார்ட்டி போதுமா என்ற கேள்விக்கு வருவோம். உங்களிடம் 50 சதவீத என்சிபி இருக்கும்வரை, 1,156 ரூபாய்க்கு 1,20,000 ரூபாய் வண்டி தீ, திருட்டு, வெள்ளம், விபத்து எல்லாவற்றுக்கும் பாதுகாப்பில் இருக்கிறது. ஐடிவியில் ஒரு சதவீதம்கூட ஆகவில்லை. இதை விடுவது சரியில்லை. எப்போது விடலாம்? ஐடிவி அறுபது எழுபதாயிரத்துக்கு வந்து, என்சிபியும் இல்லாமல், ஓன் டேமேஜ் மட்டும் 2,500, 3,000 என்று கேட்டால் விட்டுவிடலாம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரி கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் அடித்தட்டும் கதவின் கீழ்ப்பக்கமும் துருப்பிடித்த வண்டி என்றால் கொஞ்சம் முன்னாலேயே யோசிக்கலாம். துரு என்பது தேய்மானம், பாலிசியில் வராது. விபத்தில் நசுங்கிய கதவில் பழைய துரு இருந்தால் சர்வேயர் அதைக் கழித்துவிடுவார். 15 வயது தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் புல் கவர் கொடுக்கத் தயங்குவதும் உண்மை. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தாலும் ஓனர் டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். வண்டியின் விலை குறைந்தாலும் ஓட்டுகிறவர் உயிரின் விலை குறைவதில்லை.

வெள்ளம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். வண்டி தண்ணீரில் நின்றால் சீட், வயரிங் போன்ற சேதங்களைப் புல் இன்சூரன்ஸில் கேட்கலாம். ஆனால் தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் போய் எஞ்சின் போனால், எஞ்சின் புரொடெக்ட் என்ற தனி கவர் இல்லாதவரை கம்பெனி அதை ஒத்துக்கொள்ளாது. பழைய வண்டிக்கு அந்தக் கவர் கிடைப்பதும் கஷ்டம். தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும், பம்பர் டு பம்பர் எனப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் கவரும் அப்படித்தான், பெரும்பாலும் ஐந்து வயதோடு நின்றுவிடும். ஆகவே தண்ணீர் ஏறினால் சாவியைத் தொடாதீர்கள், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். வாலண்டரியில் மிஞ்சும் 289 ரூபாயைவிட இந்த ஒரு கவனம் பல மடங்கு காசு மிச்சம் பண்ணும்.

இப்போது ஏஜென்டிடம் என்ன கேட்பது? ஒரே ஐடிவி, ஒரே என்சிபி வைத்து, வாலண்டரி இல்லாமல் ஒரு கொட்டேஷன், 5,000 வாலண்டரியோடு ஒரு கொட்டேஷன் கேளுங்கள். ஐடிவியை மாற்றிக் கொடுத்தால் ஒப்பிடவே முடியாது, திருப்பி அனுப்புங்கள். மொபைலில் நீங்களே எடுத்தாலும் விலை ஆச்சரியமாகக் குறைந்து தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியவை ஐடிவியும் வாலண்டரி டிடக்டபிள் கட்டமும்தான். பாலிசி வந்ததும் முதல் பக்கத்திலேயே கம்பல்சரி, வாலண்டரி என்று இரண்டு வரி இருக்கும். வாலண்டரி பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோப்பில் வையுங்கள்.

டிசம்பர் முதல் வாரம் முடிகிறது என்றால் நவம்பர் கடைசியிலேயே பணத்தைக் கட்டிவிடுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் கம்பெனி வண்டியை நேரில் பார்த்தோ போட்டோ, வீடியோ வாங்கியோதான் புல் கவர் கொடுக்கும். அந்த இடைப்பட்ட நாளில் ரோட்டில் வண்டியை எடுத்தால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம். 90 நாள் தாண்டினால் இத்தனை வருடம் சேர்த்த 50 சதவீத என்சிபியும் போய்விடும்.